எண்ணி முடியாத நாற்பது கற்கள்: சாது சுந்தர் சிங் இருந்த நோன்பு

1913-ஆம் ஆண்டின் தொடக்கம். வட இந்தியாவில் ஹரித்துவாருக்கும் டேராடூனுக்கும் இடைப்பட்ட காட்டில் 23 வயது இளைஞர் ஒருவர் நாற்பது கற்களைப் பொறுக்கி வந்து தம் பக்கத்தில் குவித்து வைத்தார். நாளுக்கு ஒரு கல்லை எடுத்துப் போடவேண்டும். குவியல் தீரும் நாளில் நோன்பு முடியும். அதுவரை உணவு இல்லை. காவி உடை, தலைப்பாகை, ஒரு புதிய ஏற்பாடு, இவை தவிர அவரிடம் சொத்து என்று எதுவும் இல்லை. அவர்தான் சாது சுந்தர் சிங்.

நம் நாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விருந்தில் விஷம் வைத்த கதை, திபெத்தில் பாழுங்கிணற்றில் தள்ளிய கதை, பனியில் விறைத்துக் கிடந்தவனைத் தோளில் சுமந்து சென்ற கதை ஆகியவற்றை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். நோன்புக் கதை மட்டும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. சொன்னாலும், இயேசுவைப் போலவே அவரும் நாற்பது நாள் இருந்தார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். தவக்காலத்தில் அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் அது திட்டமிட்டபடி முடிந்த நோன்பு அல்ல.

கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் லெந்து காலம் என்றும் சொல்வது ஒன்றையே. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளையும் கழித்தால் 40. யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்ற இயேசு வனாந்தரத்துக்குப் போய் நாற்பது நாள் உணவின்றி இருந்ததன் நினைவு அது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி 18 முதல் 59 வயதுக்கு உட்பட்டவர்கள் சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒரு வேளை மட்டுமே முழுச் சாப்பாடு சாப்பிடலாம். சீர்திருத்தத் திருச்சபைகளில் பொதுவாக அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அவரவர் மனத்துக்கு விட்டுவிடுகிறார்கள். தைப்பூச விரதமும் ரமலான் நோன்பும் பக்கத்து வீட்டிலேயே நடக்கும் நம் ஊரில், கிறிஸ்தவரின் நோன்பு வெளியே தெரிவது குறைவுதான்.

சுந்தர் சிங் கிறிஸ்தவராகப் பிறந்தவர் அல்லர். 1889 செப்டம்பர் 3-ஆம் நாள், பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானத்தைச் சேர்ந்த ராம்பூர் என்ற ஊரில் வசதியான சீக்கிய நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர் ஷேர் சிங். தாயார் பக்தி மிகுந்தவர். சீக்கிய நூல்களோடு பகவத் கீதையையும் பிள்ளைக்குக் கற்பித்தார். ஏழு வயதில் சிறுவன் கீதையை மனப்பாடமாகச் சொன்னானாம். அந்தத் தாய் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலையில் வழிபாடும் வாசிப்பும் முடியாமல் பிள்ளைக்குச் சாப்பாடு கிடையாது. ஆத்துமாவுக்கு முதலில், வயிற்றுக்குப் பிறகு என்பது அவர் கணக்கு.

காலை உணவைப் பசியாறுதல் என்று சொல்வது மலேசியத் தமிழரின் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். சாப்பிடுவது வேறு, பசி ஆறுவது வேறு என்ற நுட்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. சுந்தரின் இளமைக் காலத்தை வாசிக்கும்போது இந்தச் சொல்தான் மனத்தில் வருகிறது. வீட்டில் எல்லாம் இருந்தது. ஆனால் அவருக்குப் பசி ஆறவில்லை. நள்ளிரவு வரை சமய நூல்களோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று தந்தை கடிந்துகொண்டார். நாளானால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். இவருக்கோ அதுவரை பொறுக்க முடியவில்லை.

பதினான்கு வயதில் தாய் இறந்தார். அது அவரை முற்றிலும் நிலைகுலைய வைத்தது. ஊரில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவர், அங்கே கட்டாயப் பாடமாக இருந்த வேதாகமத்தை வெறுத்தார். 1904 டிசம்பர் 16-ஆம் நாள் அதைக் கிழித்துத் தீயிலிட்டார். எரித்தும் அமைதி வரவில்லை. மூன்றாம் நாள், டிசம்பர் 18 அதிகாலையில் எழுந்து, குளிரில் குளித்துவிட்டு, கடவுள் இருந்தால் வழி காட்டட்டும் என்று வேண்டினார். காட்டாவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வழியே போகும் லூதியானா ரயிலின் முன் படுத்துவிடுவது என்று முடிவு. ரயில் வருவதற்கு முன்பே அறையில் ஒளி நிறைந்ததையும், அதில் தாம் எதிர்பார்த்த கிருஷ்ணரோ புத்தரோ அல்லாமல், தாம் பகைத்த இயேசுவே நின்றதையும் கண்டதாக அவர் வாழ்நாள் முழுவதும் சாட்சி சொன்னார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடும்பம் கெஞ்சியது, ஆசை காட்டியது, மிரட்டியது. சீக்கியனுக்கு உயிரான தலைமுடியை அவர் வெட்டிக்கொண்டதும் தந்தை வீட்டை விட்டு வெளியேற்றினார். வழியனுப்பும் முன் போட்ட கடைசிச் சாப்பாட்டில் விஷம் இருந்தது. அன்றிரவு ஒரு மரத்தடியில் கழிந்தது. பின்பு ரோப்பர் என்ற ஊரில் கிறிஸ்தவர்களிடம் போய்ச் சேர்ந்து, நோயில் வீழ்ந்து, மருத்துவரே கைவிட்ட நிலையில் பிழைத்தார். 1905 செப்டம்பர் 3-ஆம் நாள், தமது பதினாறாவது பிறந்தநாளில், சிம்லாவில் திருமுழுக்குப் பெற்றார். 33 நாள் கழித்து, அக்டோபர் 6-ஆம் நாள், காவி உடுத்திக் கால்நடையாகப் புறப்பட்டார்.

அவர் வைத்துக்கொண்ட விதிகள் கடுமையானவை. பணம் வைத்துக்கொள்வதில்லை. செருப்பு இல்லை. கொடுத்தால் உண்பது, கொடுக்காவிட்டால் பட்டினி. சாது என்று நினைத்து வரவேற்றுச் சோறு போட்ட வீட்டுக்காரர்கள், அவர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்ததும் துரத்திய சம்பவங்கள் பல. மலைப்பாதையில் நடந்து நடந்து கால்களில் இரத்தம் கசியும். இரத்தம் கசியும் பாதங்களை உடைய அப்போஸ்தலர் என்ற பெயரே அவருக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டினியும் நோன்பும் ஒன்றல்ல. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று பிழைத்த தோட்டத்துப் பாட்டிமாரிடம் நோன்பின் மகிமையைப் போய்ப் பேச முடியாது. பசி அவர்களுக்குப் பிணி. நம் பழைய இலக்கியமும் பசியை அப்படித்தான் பார்த்தது. கிடைக்காமல் சாப்பிடாதிருப்பது ஒன்று, கிடைத்தும் வேண்டாம் என்று வைப்பது இன்னொன்று. சுந்தர் சிங் முன்னதை ஏழெட்டு ஆண்டு அனுபவித்த பிறகுதான் பின்னதைத் தேடிக் காட்டுக்குப் போனார். பசி என்றால் என்னவென்று தெரியாத பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு அல்ல அது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க இளைஞருடன் சேர்ந்து சபாத்துவில் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். (இந்த ஸ்டோக்ஸ்தான் பிற்காலத்தில் இமாசல மலைகளில் ஆப்பிள் சாகுபடியைப் பரப்பியவர், இந்திய விடுதலைப் போரில் சிறை சென்றவர்.) இருவரும் பிளேக் நோயாளிகளிடையேயும் வேலை செய்தார்கள். பசியைத் தாங்கிக்கொள்வதைவிடப் பிறர் பசியைத் தீர்ப்பதே பெரிய வலிமை என்று வள்ளுவர் கருதியதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1909-இல் லாகூரிலுள்ள இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. போதகராக ஆனால் ஒரு மறைமாவட்ட எல்லைக்குள் நிற்கவேண்டும் என்று தெரிந்தபோது, பிரசங்கிக்கும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் பாதைக்கே வந்தார். திபெத்துக்கும் போய்வரத் தொடங்கியிருந்தார்.

இனி நோன்புக்கு வருவோம்.

எதற்காக அவர் அப்படி ஒரு முடிவெடுத்தார்? ஆண்டவரைப் பின்பற்ற வேண்டும் என்ற ஆசை ஒரு காரணம். அதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் இருந்தது. அவருக்குள் சில ஐயங்கள் இருந்தன. தமக்குக் கிடைத்திருக்கும் அமைதி உண்மையிலேயே கடவுளிடமிருந்து வருவதா, அல்லது இளமையும் உடல்வலிமையும் தரும் தெம்பா? தம் சொந்த மனத்தின் மறைந்த சக்தியே இப்படி வேடம் போடுகிறதோ? இன்னொரு குறையும் அவரை உறுத்தியது. நாள் முழுவதும் நடந்து, பேசி, களைத்து உட்காரும்போதும் மக்கள் வந்து மொய்ப்பார்கள். அப்போது எரிச்சல் வரும். சாதுவுக்கு எரிச்சலா என்று கேட்கலாம். வரத்தான் செய்தது, அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரோடு உறவோடு வாழலாமே என்ற நினைப்பும் எட்டிப் பார்த்தது.

நண்பர்கள் தடுத்தார்கள். உடம்பு தாங்காது என்றார்கள். வழியில் ரயிலில் பழகிய ஒருவர், திட்டத்தைக் கேட்டுப் பதறி, ஏதாவது ஆகிவிட்டால் தெரிவிப்பதற்காக நண்பர்களின் முகவரிகளை வாங்கி வைத்துக்கொண்டார். சுந்தர் சிங் காட்டுக்குள் போனார்.

முதல் நாள்களில் வயிறு எரிந்தது. பிறகு அது அடங்கியது. நாள்கள் போகப் போகக் கண் மங்கியது. பார்த்தால் உருவங்கள் தெளிவில்லை. காது மந்தமானது. உடம்பு அசைய மறுத்தது. கடைசியில், பக்கத்தில் இருந்த கல்லை எடுத்துப் போடக்கூடக் கையில் பலம் இல்லை. அதனால்தான் அவர் எத்தனை நாள் இருந்தார் என்பது அவருக்கே தெரியாமல் போயிற்று. ஆனால் உடம்பு எவ்வளவுக்கு ஒடுங்கியதோ அவ்வளவுக்கு உள்ளம் தெளிந்தது என்றார். அந்த நிலையில் மீண்டும் கிறிஸ்துவைக் கண்டதாகவும், 1904-இல் கண்டது ஊனக்கண்ணால், இது உள்ளத்தின் கண்ணால் என்றும் அவர் வேறுபடுத்திச் சொன்னார்.

மூங்கில் வெட்ட வந்தவர்கள் அவரைக் கண்டார்கள். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த உடலைத் தூக்கிச் சென்று, வண்டியில் ஏற்றி, கிறிஸ்தவர்கள் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி செய்தார்கள். அந்தக் கூலித் தொழிலாளிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யார் இந்தச் சாது, எந்த மதம் என்றெல்லாம் அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாலும் கஞ்சியும் போல மெல்ல மெல்ல ஊட்டி வளர்க்கும் பராமரிப்பில்தான் அப்படிப்பட்ட உடம்பு தேறும். சுந்தர் சிங்கும் சில வாரங்களில் தேறினார். இதற்கிடையே அவர் இறந்துவிட்டார் என்று நண்பர்களுக்குத் தந்தி போய்விட்டது. இரங்கல் குறிப்புகளும் வெளிவந்தன. தந்தியை அனுப்பியது யார் என்பதே பிறகு ஒரு புதிராயிற்று.

அவருக்கு என்ன கிடைத்தது? அற்புத சக்தி ஏதும் கிடைத்ததாக அவர் சொல்லவில்லை. உடம்பு நொடிந்து கிடந்தபோதுதான் அமைதி அதிகமாக இருந்தது. ஆகவே அது உடம்பின் தெம்பு அல்ல என்று தெரிந்துகொண்டார். மூளை சோர்ந்தபோதும் ஆத்துமா விழித்திருந்தது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று கண்டார். எல்லாவற்றையும் விட்டுவிடலாமே என்ற சபலம் போயிற்று. களைப்பில் வரும் அந்த எரிச்சலும் அதன்பின் தம்மை ஆட்டவில்லை என்றார். இந்தக் கடைசிச் செய்திதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காட்சிகளை நாம் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் வேலை முடிந்து அலுத்து வரும் ஒருவர், கதவைத் தட்டுகிறவர்மேல் எரிந்து விழுகிறாரா இல்லையா என்பதை வீட்டிலுள்ளவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர் புகழ் வளர வளர, இந்த நோன்பே வழக்காயிற்று. 1920-களில் ஐரோப்பாவில் அவர் வாழ்க்கையைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. இந்தியாவில் பணியாற்றிய ஹோஸ்டன் என்ற இயேசு சபைக் குரு, தந்திகளையும் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்கி, நாற்பது நாள் இருந்திருக்க வாய்ப்பே இல்லை, பத்துப் பன்னிரண்டு நாள்தான் என்று வாதிட்டார். சூரிச்சைச் சேர்ந்த பிஃஸ்டர் என்ற போதகர் உளப்பகுப்பாய்வு வழியில் அவரைக் குறை கூறினார். ஜெர்மனியில் பேராசிரியர் ஃபிரீட்ரிக் ஹைலர் சாதுவுக்காக எழுதினார். திபெத்துக் கதைகள் சிலவும், கயிலாயத்தில் முந்நூறு வயது மகரிஷியைக் கண்டதாகச் சொன்னதும் இன்றும் ஐயத்துக்குரியவையாகவே இருக்கின்றன. அதை மறைப்பதில் பயனில்லை.

நோன்பு விஷயத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாற்பது முடித்துவிட்டேன் என்று மார்தட்டுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். காட்டில் சாட்சி யாரும் இல்லை. அப்படியிருந்தும், கல்லை எடுத்துப் போட முடியவில்லை, எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை என்ற செய்தி அவர் வாயிலிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது. பக்தர்கள்தான் அதை நாற்பதாக முழுமையாக்கிக்கொண்டார்கள். எதிர்த்தவர்களும் அந்த நாற்பதைத்தான் தாக்கினார்கள்.

இந்தச் செய்திகளைப் பதிவு செய்ததில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1920-இல் இங்கிலாந்து வந்த சாதுவிடம் உட்கார்ந்து பேசி, பேராசிரியர் ஸ்டிரீட்டருடன் சேர்ந்து 1921-இல் சாதுவைப் பற்றி ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரானார். கிறிஸ்தவத்தைப் பக்தி நெறியாகக் கண்டு எழுதியவர் அவர். சுந்தர் சிங்கின் ஏக்கம் அவருக்கு அந்நியமாகப் படாததில் வியப்பில்லை. ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிய மண்ணில் பிறந்தவர்க்கு, இறைவன்மேல் கொள்ளும் பசி எப்படிப்பட்டது என்பதை விளக்கத் தேவையில்லை.

1918-இல் சாது சென்னை, திருவிதாங்கூர், இலங்கை எங்கும் சென்றார். மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசினார். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. அதே பயணத்தின் தொடர்ச்சியாகப் பர்மா வழியாக நம் பக்கமும் வந்தார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கூட்டங்கள் நடந்தன. பிறகு ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கப்பலேறினார். ஊர் திரும்பியபின் 1919-இல் ஷேர் சிங், அன்று விரட்டிவிட்ட அதே மகனிடம் தாமும் கிறிஸ்துவை ஏற்பதாகச் சொன்னார். மகன் மேல்நாடு செல்லக் கப்பல் செலவையும் கொடுத்தார். 1920-இலும் 1922-இலும் மேல்நாடுகளில் பேசிய சாது, அங்கே எல்லாம் நிறைந்திருந்தும் உள்ளங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்பதை மேடையிலேயே சொன்னார்.

அவ்வளவு பெயர் பெற்ற பிறகும், தம்மைப் போல நீங்களும் காட்டுக்குப் போங்கள் என்று அவர் யாரையும் தூண்டியதில்லை. உடலை வதைத்தால் புண்ணியம் சேரும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. கொடுத்த சாதாரண உணவை உண்டார். அந்தப் பெரிய நோன்பை அவர் திரும்பச் செய்யவும் இல்லை. ஜெபம்தான் அவருக்கு அன்றாட உணவாக இருந்தது. தாகம் இருப்பதே தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அல்லவா, மனிதனுக்குள் இருக்கும் இறைத் தாகமும் அப்படித்தான் என்பது அவருடைய பேச்சிலும் எழுத்திலும் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

இன்று நம் திருச்சபைகளில் தவக்காலம் என்றால் இறைச்சியை விடுகிறவர்கள் உண்டு. தேநீரை விடுகிறவர்களும், கைப்பேசியைக் குறைக்கிறவர்களும் உண்டு. மிச்சமாகும் காசை ஏழைகளுக்கென்று உண்டியலில் போடுகிற வழக்கம் கத்தோலிக்கரிடம் இருக்கிறது. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே தாம் விரும்பும் உபவாசம் என்று கடவுள் சொல்வதாக ஏசாயா தீர்க்கதரிசி எழுதினார். அந்தக் கணக்கில் பார்த்தால், அந்தக் காட்டில் நோன்பை முழுதாக நிறைவேற்றியவர்கள் மூங்கில் வெட்ட வந்த அந்த ஏழைகளாகவும் இருக்கலாம்.

நாற்பது வயதை நெருங்கும்போது சாதுவின் உடம்பு தளர்ந்துவிட்டது. சபாத்துவில் ஒரு வீட்டில் தங்கிச் சிறு சிறு நூல்களை எழுதினார். மருத்துவர்கள் தடுத்தும் திபெத்து நினைப்பு விடவில்லை. 1929 ஏப்ரலில் அவர் மறுபடியும் புறப்பட்டார். ரிஷிகேஷ் பக்கமிருந்து மேலே ஏறும் யாத்திரிகர் பாதை. அவர் கற்களைக் குவித்து உட்கார்ந்த காட்டுக்கு அது அதிக தூரமில்லை. அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. நண்பர்கள் மலைகளில் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1933-இல் அவர் இறந்துவிட்டதாகவே அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அவருக்குக் கல்லறை கிடையாது.